இங்கேயும் இருக்குது, உங்க ஊர்க் கொக்கு

போன மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல். அதை விரிவாக எழுதி உங்கள் காலைக் காப்பியைக் கெடுக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

விழுப்புரத்தில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் புதிதாக கிளினிக் திறந்திருக்கிற இளம் டாக்டர். நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். “ஆ காட்டுங்க” என்றார். காட்டினேன். தலைக்கு மேலே தொங்கிய பெரிய விளக்கை இழுத்து என் முகத்துக்கு நேராக நிறுத்தினார்.

விளக்கின் கைப்பிடியில்... இரண்டு கொக்குகள்!

எதிரெதிரே நிற்கிற கொக்குகள். அலகோடு அலகு ஒட்டவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டினால் ஒட்டிவிடும் போல ஒரு நெருக்கம்.

வாய் நிறையப் பஞ்சு. ஒரு ஓரத்தில் எச்சில் உறிஞ்சுகிற குழாய். பேச முடியாது. விரலை மட்டும் நீட்டி, “ஹொஹ்ஹூ... ஹொஹ்ஹூ” என்றேன். டாக்டர் பதறிப்போய் கருவியை வெளியே எடுத்துவிட்டார்.

“வலிக்குதா மேடம்?”

“இல்ல டாக்டர். கொக்கு!”

அவர் விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மரத்துப்போகப் போட்ட ஊசி மூளைக்கு ஏறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டிருப்பார். நான் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, படுத்தபடியே ஒரு போட்டோ எடுத்து, கோட்டக்குப்பத்தில் இருக்கிற என் சிநேகிதி ஜுபைதாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுபடி ‘ஆ’ காட்டினேன்.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வாசகர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திண்டிவனத்துக்கு வெளியே, ஹைவே ஓரமாக ஒரு பழைய கம்பெனி இருக்கிறது. நிஜப் பெயர் வேண்டாம். அதன் முத்திரையை வைத்து ‘இரட்டைக் கொக்கு’ என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், “தையல் மிஷின் கம்பெனிதானே?” என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டில் பாவாடை தைக்கிற மிஷினைச் செய்கிறவர்கள், பல் பிடுங்குகிற இடத்தில் விளக்கும் செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஜுபைதாவுக்குத் தெரியும். தெரியாவிட்டால், தெரிந்ததும் குதிப்பாள். அந்தக் கம்பெனி என்னென்ன செய்கிறது என்பது, கம்பெனி முதலாளியைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும் என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

போட்டோ போய்ச் சேர்ந்தது. பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக். ஆனால் பதில் வரவில்லை. வழக்கமாக இந்த மாதிரி ஒன்றை அனுப்பினால், ‘அடியேய்ய்ய்’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் உடனே வந்துவிடும். மறுநாள் வரை பொறுத்துவிட்டு நானே போன் செய்தேன்.

“ஏன்டி, கொக்குப் படம் அனுப்பினேனே?”

“பார்த்தேன். நல்லாருக்குது.”

“அவ்வளவுதானா?”

அவள் சொன்னாள்: “இனிமே அத யாருக்குடி சொல்லப் போறேன்?”

அவள் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறினேன். “ஏய், பாய் நல்லாயிருக்காரா?”

“அவருக்கு இன்னா... நல்லாத்தான் இருக்காரு. ஹால்ல உக்காந்துக்கினு இருக்காரு.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜுபைதாவும் நானும் திண்டிவனத்தில் ஒரே தெரு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. நான் கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்தேன். அவள் கோட்டக்குப்பம் போனாள். அவள் வீட்டுக்காரர் காதர் பாய் துபாய் பக்கத்தில் பிளம்பர் வேலை. அந்த ஊரில் பாதி வீட்டு ஆண்கள் கடலுக்கு அந்தப் பக்கம்தான். கல்யாணத்துக்கு லீவில் வந்தார், லீவு முடிந்ததும் போய்விட்டார். புதுப்பெண்ணுக்குப் புருஷனின் முகம் மனசில் சரியாகப் பதிவதற்குள் விமானம் ஏறியாகிவிட்டது.

அவளுக்குச் சீராக வந்த சாமான்களில் ஒரு தையல் மிஷின். இரட்டைக் கொக்கு. சொந்த ஊர்ச் சாமான் அல்லவா? புகுந்த வீட்டில் அதன்மேல் கை வைத்து உட்கார்ந்தால் திண்டிவனத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பாள்.

அது செல்போன் இல்லாத காலம். வெள்ளிக்கிழமைதான் காதர் பாய்க்கு லீவு, அன்றுதான் போன் வரும். எங்கே வரும்? ஹாலில். ஹாலில் யார் இருப்பார்கள்? மாமியார், மாமனார், இரண்டு நாத்தனார், போன் வருகிறது என்று தெரிந்து வந்து உட்காருகிற பக்கத்து வீட்டு அம்மா. எல்லோரும் பேசி முடித்த பிறகு ரிசீவர் இவள் கைக்கு வரும். அத்தனை ஜோடிக் கண்களும் இவள்மேல். அதில் என்ன பேசுவது?

“சாப்டீங்களா?”

“சாப்ட்டேன். நீ?”

“சாப்ட்டேன்.”

அவ்வளவுதான். கட் ஆகிவிடும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காதர் பாய் சொன்னார்: “ஜுபைதா, இங்க நாங்க வேலை பார்க்கிற எடத்துல தண்ணி லைனுக்கு ஒரு வால்வு போட்டிருக்காங்க. அதுல உங்க ஊரு கொக்கு இருக்குது. அந்த மிஷின்ல இருக்கிற அதே கொக்கு.”

“அப்படியா?”

“ஆமா. பக்கத்துல பக்கத்துல நின்னுக்கினு இருக்குது.”

இவள் முகம் சிவந்துவிட்டதாம். மாமியார், “இன்னா சொன்னான்?” என்று கேட்க, “வால்வு மாத்தறாங்களாம் மாமி” என்றாளாம்.

புரிகிறதா வாசகர்களே? ஹால் நிறைய ஆட்கள் இருக்கும்போது ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லக்கூடிய வார்த்தை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து, ‘கொக்கு பார்த்தேன்’ என்றால் ‘உன்னை நினைத்தேன்’ என்று அர்த்தம்.

அதற்கு இருவரும் சேர்ந்து ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். ஒரு சாமானை ஒரு தடவைதான் சொல்லலாம். அடுத்த தடவை வேறு சாமானில் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது ஜுபைதாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொக்கு கிடைத்தால்தான் பேச்சு! வீட்டில் இருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். மாமனாரோடு மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலை மண்டிக்கு, போனபோது மூட்டை நிறுக்கிற எடை மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள் — இருந்தது! ரைஸ்மில்லில் மாவு அரைக்கப் போனால் மில்லுக்காரர் சந்தேகமாகப் பார்க்கிற அளவுக்கு மிஷினின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். இருந்தது! மகள் பிறந்தபோது திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கட்டிலில் இருந்தது. குழந்தையை எடை போட்ட தட்டில் இருந்தது.

அவர் அங்கே தீயணைக்கிற குழாயில் பார்த்தார். லேபர் கேம்ப் சமையல்கட்டில் ரொட்டி மாவு பிசைகிற மிஷினில் பார்த்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பம்பு மாட்டப் போனவர், அதில் பார்த்துவிட்டு அந்த வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டதாக ஒருமுறை சொன்னாராம்.

பிறகு செல்போன் வந்தது. ஹால் போய் ரூம் வந்தது. வீடியோ கால் வந்தது. ஜுபைதா வீடியோவை மட்டும் ஆஃப் செய்துவிடுவாள். ‘மூஞ்சி தெரிஞ்சா பேச்சு வரமாட்டேங்குதுடி’ என்பாள். குரல் போதும் அவளுக்கு. அந்தக் குரலோடு சமைத்தாள், துணி மடித்தாள், மகளை வளர்த்துக் கல்யாணம் செய்து பெங்களூருக்கு அனுப்பினாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர் லீவில் வருவார். வீடு நிறைய விருந்தாளிகள் வருவார்கள். அவர்கள் காலியாவதற்குள் லீவு காலியாகிவிடும்.

போன ரம்ஜானுக்கு முன்னால் காதர் பாய் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ‘இனிமேல் ரெண்டு கொக்கும் ஒரே குளத்தில்’ என்று நான்கூட ஜோக் அடித்தேன்.

அப்புறம்தான் இந்த போன். ‘இனிமே யாருக்குடி சொல்லப் போறேன்?’

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோட்டக்குப்பம் போனேன்.

காதர் பாய் கொல்லைப்பக்கத்தில் ஒரு குழாயைக் கழற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழாய் என்பது பிறகு தெரிந்தது. “வாங்க தங்கச்சி” என்றார். சிரித்தார். மறுபடி குழாய்க்குத் திரும்பிவிட்டார்.

சமையலறையில் ஜுபைதா டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“வசந்தி, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. ஃபோன்ல ஒருத்தரு இருந்தாரே... அவரு வரவே இல்லடி. வேற யாரோ வந்து ஹால்ல உக்காந்துக்கினு இருக்காரு. நல்ல மனுஷன்தான். ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அந்த ஃபோன்காரரு வேணும் போல இருக்குது. வெள்ளிக்கிழமை வந்தா, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம வீட்ட சுத்திக்கினே இருக்கேன்.”

நான் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் காதர் பாய் துணைக்கு வந்தார். ஸ்டாப் வந்த பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“தங்கச்சி, உங்க கிட்ட சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே? அவ ஃபோன்ல பேசிக்கினு இருப்பா பாருங்க, அத கேட்டுக்கினுதான் நான் அங்க கெடந்தேன். இங்க வந்தா... சோறு போடட்டா, டீ குடிக்கிறீங்களா. அவ்வளவுதான். நான் எதனா சொல்லலாம்னு வாயத் தொறந்தா கிச்சனுக்குப் போயிடறா. ஃபோன்ல இருந்த பொண்ண நான் எங்க போயி தேடறது?”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரே வீடு. ஒரே புகார். ஒரே வார்த்தைகள்கூட! ஒருவரை ஒருவர் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு, அதே ஒருவருக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

யோசித்தால் ஆச்சரியமில்லை. தூரத்தில் இருக்கிறவர்கள் ஒவ்வொன்றையும் சேர்த்து வைக்கிறார்கள், வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும் என்று. பக்கத்தில் இருக்கிறவர்கள் எதையும் சேர்த்து வைப்பதில்லை. எங்கே போய்விடப் போகிறார், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்... அந்த ‘அப்புறம்’ எந்தக் கிழமையில் வருகிறது?

எனக்குக் கவுன்சலிங் எல்லாம் தெரியாது. யாருக்காவது அறிவுரை சொன்னால் அவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். அதனால் வாயில் வந்ததைக் கேட்டேன்.

“பாய், அந்தக் கம்பெனியை உள்ள போய்ப் பார்த்திருக்கீங்களா?”

“எந்தக் கம்பெனி?”

“கொக்கு கம்பெனி.”

அவர் என் பக்கம் திரும்பினார். “பஸ்ஸுல போறப்ப கேட்டைப் பார்த்திருக்கேன். உள்ள நம்மள விடுவாங்களா?”

விடுவார்கள். அந்தக் கம்பெனி மேனேஜர் சுந்தரேசன் நான் எழுதுகிற இந்தப் பத்தியைப் படிக்கிறவர். ஒரு கல்யாண வீட்டில், கையில் இலைவடாம் வைத்துக்கொண்டு, ‘ஒருதடவை எங்க ஷோரூம் வந்து பாருங்க மேடம்’ என்று கூப்பிட்டவர். போன் செய்தேன். அடுத்த புதன்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

அவர்கள் இருவரும் புதுச்சேரி போய் திண்டிவனம் பஸ் பிடித்து வந்தார்கள். நான் விழுப்புரத்திலிருந்து. கேட்டில் பார்த்தபோது, இருவருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம், அவ்வளவு இடைவெளி.

ஷோரூம் என்றதும் ஒரு அறையை நினைத்துக்கொண்டேன். அது ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. சுந்தரேசன் பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டார்.

“எங்க பெரியவர் காலத்துல தையல் மிஷின்ல ஆரம்பிச்சோம் மேடம். அதுக்கு இரும்பு வார்க்கிற பட்டறை வேணும். பட்டறை சும்மா இருக்குதேன்னு வால்வு. வால்வு பார்த்துட்டு பம்பு கேட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் பம்பு குடுக்கப் போன எடத்துல கட்டில் கேட்டாங்க. கேட்டா இல்லன்னு சொல்ற பழக்கம் எங்க பெரியவருக்குக் கிடையாது.”

உண்மைதான். வரிசை வரிசையாக நின்றன. எடை மிஷின்கள், மாவு மிஷின்கள், பள்ளிக்கூட பெஞ்சுகள், கோழித் தீவனம் அரைக்கிற மிஷின், சலூன் நாற்காலி, சக்கர நாற்காலி, தேங்காய் துருவி, பேங்க் லாக்கர் கதவு! ஒவ்வொன்றிலும் எங்கேயாவது அந்த இரண்டு கொக்குகள். ஒரு மனுஷன் பிறந்து, படித்து, முடி வெட்டி, சம்பாதித்துப் பூட்டிவைத்து, பல்லைப் பிடுங்கிக்கொள்கிற வரைக்கும் இந்த மண்டபத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

ஜுபைதா ஒரு பக்கமாகப் போனாள். காதர் பாய் எதிர்ப்பக்கமாகப் போனார். சும்மா இருந்தவர்களைக் கூட்டிவந்து இங்கேயும் தனித்தனியாக நடக்க வைத்துவிட்டேனா?

ஒரு பெரிய இரும்பு வால்வின் முன்னால் ஜுபைதா நின்றுவிட்டாள். அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. மேலே ஒரு சக்கரம்.

“என்னங்க... இங்க வாங்களேன்.”

காதர் பாய் வந்தார்.

“நீங்க மொத மொதல்ல சொன்னது இதுதானா?”

“ஆமா. இதே சைஸுதான்.”

“நான் நம்ம வீட்டுக் குழாய் மாதிரி கைக்கு அடக்கமா நெனைச்சிக்கினு இருந்தேன்! இத எப்படித் தெறப்பீங்க?”

“ரெண்டு பேரு புடிக்கணும். வெயில்ல இரும்பு நெருப்பா சுடும். கையில துணிய சுத்திக்கினு திருப்புவோம்.”

ஜுபைதா சக்கரத்தில் கையை வைத்தாள். “சுடும்னு நீங்க சொல்லவே இல்லியே.”

“கொக்கு இருக்குதுன்னுதானே சொன்னேன்.”

சுந்தரேசன் வால்வின் அழுத்தம் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் கையைத் தொட்டுத் தடுத்தேன். நல்ல மனிதர். புரிந்துகொண்டு இரண்டடி பின்னால் வந்து என்னோடு நின்றுகொண்டார்.

அதன்பிறகு அவர்கள் ஒன்றாகத்தான் நடந்தார்கள். மாவு பிசைகிற மிஷினில், “இதுலயா அத்தினி பேருக்கு ரொட்டி? ராத்திரியும் ரொட்டிதானா?” என்று அவள் கேட்டாள். “ஆமா. சோத்துக்கு நாக்கு செத்துப் போச்சு” என்றார் அவர். இதையும் அவர் போனில் சொன்னதில்லை. ‘சாப்ட்டேன்’ என்று மட்டும்தானே சொல்லியிருக்கிறார்!

ஆஸ்பத்திரிச் சாமான்கள் வரிசையில் ஒரு பழைய மாடல் இரும்புக் கட்டில் இருந்தது. காதர் பாய் அதன் பக்கத்தில் போய் நின்றார்.

“இதானா?”

ஜுபைதா தலையாட்டினாள்.

“எந்தப் பக்கம் தல வச்சிருந்த?”

“இந்தப் பக்கம். ஜன்னலு அந்தப் பக்கம் இருந்திச்சு.”

“கொக்கு?”

“கால்மாட்டுல. வலி வர்றப்பல்லாம் அதையே பார்த்துக்கினு இருந்தேன்.”

“கைய எங்க வச்சிருந்த?”

அவள் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக் காட்டினாள். காதர் பாய் அவள் கைக்குப் பக்கத்தில், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. மகளை அவர் முதல்முதலாகப் பார்த்தபோது குழந்தை நடக்கவே ஆரம்பித்திருந்தது. ‘அத்தா கிட்ட போ’ என்று அப்பாவைக் காட்டியதும் பயந்து அழுததாக ஜுபைதா எனக்கு முன்பு சொல்லியிருக்கிறாள்.

“நான் இருந்திருக்கணும்” என்றார்.

“இருந்திருந்தா உள்ள விட்டிருக்க மாட்டாங்க” என்றாள் ஜுபைதா. பிறகு, “வெளிய உக்காந்துக்கினு இருந்திருப்பீங்க. அது போதும் எனக்கு” என்றாள்.

அடுத்து ஒரு டிராலி. மெத்தை இல்லை, பக்கக் கம்பி இல்லை. வெறும் ஸ்டீல் பலகைக்குச் சக்கரம் வைத்த மாதிரி. ஜுபைதா அதைத் தாண்டிப் போய்விட்டாள். காதர் பாய் தாண்டவில்லை.

“இது ஒண்ண உனக்கு நான் சொல்லல” என்றார்.

அவள் திரும்பி வந்தாள்.

“செல்வம்னு சொல்லுவேனே, பெருமுக்கல்காரன்...”

“உங்க ரூம்ல இருந்தவரு. வேலைய விட்டு ஊருக்குப் போயிட்டாருன்னு சொன்னீங்க.”

“ஊருக்குத்தான் போனான். இதுலதான் போனான்.” அவர் டிராலியைத் தொடவில்லை. “வேலையில நெஞ்சு வலின்னு உக்காந்தான், எழுந்திரிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியிலருந்து வண்டி வரைக்கும் நாந்தான் தள்ளிக்கினு வந்தேன். குனிஞ்சே வந்தேனா... கைப்பிடிகிட்ட கொக்கு. அன்னிக்கு வெள்ளிக்கிழம.”

ஜுபைதா அவரையே பார்த்தாள். “அன்னிக்கு நான் கேட்டேனே, இந்த வாரம் இன்னா பார்த்தீங்கன்னு.”

“கேட்ட.”

“ஒண்ணும் பார்க்கலன்னு சொல்லிட்டு வச்சிட்டீங்க. எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? உங்களுக்கு நான் அலுத்துப் போயிட்டேன்னு நெனைச்சிக்கினு, அடுத்த வாரம் நீங்க பண்ணப்ப எடுக்கவே இல்ல.”

“தெரியும். ரிங் போயிக்கினே இருந்திச்சு.”

“சொல்லியிருக்கலாமே. நம்ம கொக்குதானே!”

“நம்ம கொக்குன்னாலதான் சொல்லல ஜுபைதா. பக்கத்துல பக்கத்துல நிக்குதுன்னு நான் உங்கிட்ட சொன்ன சாமானு... அத அங்க பார்த்தேன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

அவள் அழுதாள். நேரில் பார்த்தே இராத அந்தச் செல்வத்துக்காகவா, எடுக்காமல் விட்ட அந்த போனுக்காகவா, தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் முன்னாலேயே தன் புருஷனின் கையைப் பிடித்தாள். சுந்தரேசன் சட்டென்று சலூன் நாற்காலியை எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். நானும் மிகுந்த ஆர்வத்தோடு கேட்டேன்!

வெளியே வரும்போது ஜுபைதா, “நானும் ஒண்ணு சொல்லிடறேன்” என்றாள். “சில வாரம் எனக்கு ஒண்ணுமே கெடைக்காது. அப்ப பொய் சொல்லியிருக்கேன். பஸ்ஸுல டிரைவரு சீட்டுக்கு அடியில பார்த்தேன்னேனே, பொய்யி. கோயில் தேருக்கு அடியில இரும்புல பார்த்தேன்னேனே... அதுவும் பொய்யி. நான் அந்தத் தேர தூரத்துலருந்து பார்த்ததோட சரி.”

சுந்தரேசன் திரும்பினார். “எங்கேம்மா? எந்தத் தேரு?”

அவள் ஊரைச் சொன்னாள்.

“அந்தத் தேருக்கு அச்சு நாங்கதான் செஞ்சு குடுத்தோம்! பஸ் சீட்டும் பண்றோமே, பின்பக்கம் ஷெட்ல இருக்குது. காட்டட்டா?”

காதர் பாய் சிரித்தார். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர. ஜுபைதா திகைத்துப்போய் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் காதில் சொன்னாள்:

“அந்தச் சிரிப்புடி. ஃபோன்ல கேட்கும் பாரு... அதே சிரிப்பு.”

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் புதுச்சேரி பஸ் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் அவர். அவர் எதையோ கைகளால் அளந்து காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்தது. எனக்கு டாட்டா காட்ட இருவருமே மறந்துவிட்டார்கள். நான் காட்டிய கை காற்றில் நின்றது. வருத்தமா? இல்லவே இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொல்லக் கூடாது. போன வாரம் ஜுபைதா பேசினாள். “இப்பல்லாம் கேள்வியா கேக்கறாருடி. பாப்பாவ மொத நாளு ஸ்கூலுக்கு யாரு கூட்டிக்கினு போனா, அவரோட அம்மா மவுத்தாயி அடக்கம் பண்ணப்ப யாரு பக்கத்துல இருந்தா, அந்தப் பெரிய புயலு வந்தப்ப வீட்டுல தனியா இன்னா பண்ண... எல்லாத்தையும் சொல்றேன். சொல்லச் சொல்ல அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். பார்க்காத வருஷம் பார்க்காததுதாண்டி. கதையா சொன்னா கெடைச்சிடுமா?”

கிடைக்காதுதான்.

பிறகு அவளே சலித்துக்கொண்டாள்: “அதோட ஒரு பேஜாரு வேற. ஒரு மெகா சீரியல் பார்க்க முடியல. வாய மூடவே மாட்டேங்கிறாரு. தோ, கூப்புடறாரு, வச்சிடறேன்.”

வைத்துவிட்டாள். நான் ஹாலை எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாரம்கூட என்னைப் பிரிந்திருக்காதவர். அவருக்குச் சின்ன வயதில் இடது புருவத்தில் அந்த வெட்டுக்காயம் எப்படி வந்தது என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

டி.வி.யைக் கொஞ்சம் ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.